இரவல் நாத்தனார்

கூடப் பிறந்தவர் என்று எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் செங்கல்பட்டைச் சுற்றி நாலைந்து பெண்களுக்கு நான் நாத்தனார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், மீதி இரண்டு முடிச்சுகளை அவன் அக்காவோ தங்கையோ போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா தங்கை இல்லாத மாப்பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் கிராக்கி.

முதல் தடவை அது நடந்தது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மண்டபத்தில். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரின் ஒரே மகனுக்குக் கல்யாணம். முடிச்சுப் போட வேண்டிய பெரியப்பா மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள். லீவு கிடைக்காமல் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தாள். "போனா வந்து முடிச்சுப் போடும்?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கணக்கு டீச்சர் பந்தியில் உட்கார்ந்திருந்த என்னைக் கையைக் கழுவ வைத்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கல்யாணம் ஆகாதவள் கட்டலாமா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. "கன்னிப் பொண்ணுதானே, தாராளமா கட்டலாம்" என்று புரோகிதர் தீர்ப்புச் சொன்னார். மைக் அவர் பக்கத்தில் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் நான் கன்னிப் பெண் என்று மண்டபம் முழுக்க அறிவிக்கப்பட்டது அப்படித்தான்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அக்கா இல்லாத மாப்பிள்ளைக்கு நான். ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்குக் கேட்டார்கள். நாத்தனார் புடவை என்று ஒன்று தருவார்கள். போட்டோவில் மணப்பெண்ணுக்குப் பின்னால் கையில் விளக்கோடு நிற்பேன். அதோடு சரி. அந்தப் பெண்களில் ஒருத்தியும் பிறகு எனக்குப் போன் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று என்ன இருக்கிறது? பந்தல் வாடகைக்கு எடுத்தவர்கள் பந்தல்காரருக்குப் பொங்கல் வாழ்த்தா அனுப்புகிறார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் பீரோவைத் திறந்து அந்தப் புடவைகளைப் பார்க்கும்போது மனசு என்னவோ போல் ஆகும்.

நான் பூகோள டீச்சர். நான் படித்த காலத்தில் மக்கள்தொகை என்றாலே வெடிப்புதான். பாடப் புத்தகத்தில் ரயில் கூரை மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கும். 'மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகள்' என்று கட்டுரை எழுதி நான் ஒரு எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அப்போது எங்கள் தெருவில் ஒற்றைப் பிள்ளை நான் ஒருத்திதான். நாடு நன்றாக இருக்க நானே உதாரணம் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் தெருவில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. "ஒத்தப் புள்ள, பாவம்" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள்.

இப்போது என் வகுப்பில் பாதிப் பேர் ஒற்றைப் பிள்ளைகள். தலையைத் தடவினால் ஏன் தடவுகிறீர்கள் என்று கேட்பார்கள். பாடமும் மாறிவிட்டது. உலக மக்கள்தொகை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஏறும் வேகம் குறைந்துவிட்டது. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும் என்கிறார்கள். ஆப்பிரிக்கப் பக்கம் இன்னும் கொஞ்ச காலம் பெருகும். ஜப்பான் போன்ற இடங்களில் இப்போதே இறங்குமுகம். நம் தமிழ்நாட்டில் தம்பதிக்கு இரண்டு பிள்ளை என்பதுகூடச் சராசரியில் இல்லாமல் போயிற்று. வயதுவாரியாக மக்களை அடுக்கிப் படம் போட்டால் முன்பெல்லாம் கோபுரம் மாதிரி வரும்: அடியில் குழந்தைகள் அகலமாக, உச்சியில் கிழவர்கள் குறுகலாக. இப்போது அது குடம் மாதிரி ஆகிவிட்டது. அடி சிறுத்து, வயிறு பெருத்து. அந்த வயிற்றில்தான் நானும் இருக்கிறேன். நாளைக்கு மேலே போவேன்; கீழே தாங்க ஆள் இருக்காது. இதைப் பாடமாக நடத்தும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் அரிசி களைந்து குக்கரில் வைக்கும்போதுதான் உறைக்கும்.

ஒரு தடவை உறவுமுறைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெண் எழுந்து, "மிஸ், அத்தைன்னா அப்பாவோட ஃப்ரெண்டா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் அப்படி ஒருத்தரைத்தான் அவள் அத்தை என்று கூப்பிடுகிறாளாம். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஃப்ரெண்ட் யாரோ, எனக்கு அவளைத் தெரியும் போல இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடப் பதினைந்து பதினாறு வயது பெரியவள். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். கணவர் பஸ் டிரைவர். அவர் வேலைக்காகச் செங்கல்பட்டுக்கு வந்து, எங்கள் வீட்டை ஒட்டி மனை வாங்கிக் கட்டினார்கள். வெகு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் மகனும் என்னை அக்கா என்று கூப்பிட்டான். அம்மாவுக்குத் தங்கையான ஒருத்தி பிள்ளைக்கு அக்காவாகவும் இருப்பது எந்தக் குலத்து முறை என்று என் அம்மா கேலி செய்வாள். யாரும் திருத்தவில்லை. நம் தெருக்களில் முறை அப்படித்தான். வாய்க்கு வந்தது சொந்தம்.

அவன் பரீட்சைக்கு நான்தான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அவன் அப்பா இறந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் அம்மா இறந்தபோது ஆம்புலன்சுக்கு ஓடியது அவன். வளர்ந்து தொழிற்பேட்டையில் ஜப்பான்காரர்களின் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராகச் சேர்ந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் வந்து, "பங்காளிங்க வூட்டுல ஒரு பொண்ணு கீது. நெலத் தகராறுல பேச்சுவார்த்த இல்ல. அவள நான் போயி கெஞ்ச மாட்டேன். நீதான் நாத்தனாரு" என்றாள்.

மற்ற கல்யாணங்களுக்கு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் கொள்ளவில்லை. இவன் என்னை நிஜமாகவே அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவன். இந்த ஒரு முடிச்சாவது இரவல் இல்லை, இது நிற்கும் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படி ஒரு ஆசை வந்தது பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் வந்தது.

பெண் புதுப்பட்டினத்துக்காரி. அவளும் ஒற்றைப் பிள்ளை. கல்யாணம் கடலோரத்தில் நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில், புல்தரையில், கடலைப் பார்த்தபடி மேடை போட்டிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டக்கா என்னைத் தனியே அழைத்துப்போய், மறுநாள் வீட்டு வாசலில் நடக்க வேண்டியதைப் பாடம் எடுத்தாள். புதுசாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களை நாத்தனார் கதவைச் சாத்தி மறிப்பாள். 'உனக்குப் பொண்ணு பொறந்தா என் புள்ளைக்குக் குடுப்பியா' என்று கேட்பாள். மணப்பெண் சரி என்றால்தான் கதவு திறக்கும். எனக்குப் பிள்ளை கிடையாது. ஆனால் கேள்வி கேள்விதான்.

"சத்தமா கேளு. வாயத் தொறந்து எல்லாரு எதிர்லயும் சரின்னு சொல்லட்டும். ரெண்டும் தனியா குசுகுசுன்னு இன்னாவோ பேசிக்கினு கீதுங்க. எனக்கு ஒண்ணும் சரியாப் படல" என்றாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மணப்பெண் ஆள் அனுப்பினாள். இரண்டு கையிலும் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னாள்.

"அண்ணி, நாளைக்கு வாசல்ல மறிச்சுக் கேப்பீங்களாமே, அதக் கேக்காதீங்க" என்றாள். "எங்களுக்குக் கொழந்த வேணாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். எங்க வீட்ல அம்மா அப்பா, இங்க அத்தை. மூணு பேரையும் பாக்க நாங்க ரெண்டு பேருதான். அதுக்கே எப்படின்னு தெரியல. இன்னும் நெறைய காரணம் இருக்கு. நல்ல நாளும் அதுவுமா நூறு பேர் எதிர்ல பொய் சொல்ல எனக்கு வராது அண்ணி."

அண்ணி என்று அதற்குமுன் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. முடிச்சுப் போட்ட பெண்கள் எல்லாம் மேடம் என்றோ டீச்சர் என்றோதான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லில் நான் பாதி கரைந்துவிட்டேன். மீதிப் பாதி, ஐயோ, இவள் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று பதறியது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அதுவரை நான் எந்தக் குடும்பத்துக்கும் மத்தளமாக இருந்ததில்லை. அது ஒரு வகையில் பிடித்தும் இருந்தது.

கடலோரத்தில் கல்யாணம் வைப்பவர்கள் கடலில் காற்று அடிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை நான் கையில் பிடித்திருந்த காமாட்சி விளக்கு ஏற்ற ஏற்ற அணைந்தது. மேடை அலங்காரம் செய்த கம்பெனி ஆள் ஓடிவந்து பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றை நீட்டினான். சுடர் ஆடுவது மாதிரியே ஆடியது. பக்கத்து வீட்டக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். "முந்தானையால மூடிக்கினு நில்லு" என்று எனக்கு உத்தரவு. பட்டுப் புடவை பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தோடு விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கெட்டிமேளம் கொட்டியபோது விளக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டு முடிச்சுப் போட்டேன். இறுக்கிப் போட்டேன். மணப்பெண்ணின் கழுத்து வியர்த்திருந்தது.

மத்தியானம் போல் கார்கள் செங்கல்பட்டு வந்து சேர்ந்தன. நான் முன்னால் இறங்கி அக்காவின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே ஆரத்தித் தட்டும் சிரிப்பும் கூட்டமும். உள்ளே நான் மட்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் தனியாக நிற்பது எனக்குப் புதுசில்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை பேர் நான் பேசுவதற்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"கேளு, கேளு" என்று பக்கத்து வீட்டக்காவின் குரல் கேட்டது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கதவத் தொறக்கணும்னா எனக்கு ஒண்ணு வேணும்" என்றேன்.

"இன்னா வேணும்க்கா?" என்றான் அவன்.

"வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்குத் தாய் வீட்டுச் சீர் வரணும். வருமா?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிறகு அவன் சிரித்தான். "வரும்க்கா" என்றான். "கண்டிப்பா வரும் அண்ணி" என்று அவள் குரல் பின்னாலேயே வந்தது. நான் தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்காகவே இன்னொரு தடவை அப்படிச் செய்வேன்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்து வீட்டக்கா என்னைச் சமையலறையில் பிடித்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த? இன்னா சொன்னேன், இன்னா கேட்ட? எம் புள்ளைக்கு ஒரு வாரிசு கேக்கச் சொன்னா, உனுக்குக் கரும்பு கேக்கறியா?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும். பதில் இல்லாததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சில மாதங்களில் கம்பெனி அவனை ஜப்பானுக்கு அனுப்பியது. அவளும் கூடப் போனாள். பக்கத்து வீட்டில் அவன் அம்மா மட்டும். ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவள் குக்கர் விசில் எனக்குக் கேட்கும். என்னுடையது அவளுக்குக் கேட்கும். சாயங்காலம் இரண்டு டிவியிலும் ஒரே சீரியல் ஓடும். அழுகைக் காட்சி வந்தால் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே அழுகை. முன்பெல்லாம் விளம்பரம் வந்ததும் "இவளுக்கு நல்லா வேணும்" என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். இப்போது ஜன்னலும் சாத்தியே இருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. கதவைத் தட்டலாம் என்று இரண்டொரு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு போய், வாசலோடு திரும்பிவிட்டேன்.

அவன் எனக்கு வீடியோவில் வருவான். ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு எப்போதாவது. "அக்கா, இந்தத் தெருவுல ஒரு கொழந்தையக்கூட நான் பாத்ததில்ல. இங்க இருந்த ஸ்கூல மூடிட்டு அதுல வயசானவங்களப் பாத்துக்கற சென்டர் வெச்சிருக்காங்க. கரும்பலகை அப்படியே இருக்குக்கா, அது எதிர்ல சக்கர நாற்காலில உக்காந்துனு இருக்காங்க" என்றான். அதை வகுப்பில் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம்தான் மூன்று பிரிவுகளை ஒன்றாக்கியிருந்தார்கள். "மிஸ், அப்ப நம்ம ஸ்கூலயும் மூடிடுவாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். "அதுக்குள்ள நீ பாஸ் பண்ணிடுவ, உக்காரு" என்றேன். நான் எங்கே உட்காருவேன் என்று அவள் கேட்கவில்லை.

எங்கள் தெருவிலும் பெரும்பாலும் வயதானவர்கள்தான். கொஞ்சம் குழந்தைச் சத்தம் இருக்கிறதென்றால் அது கோடி வீட்டு மாடியில், தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களின் குடித்தனத்தில்.

பொங்கல் வந்தது. சீர் என்பது பண்டிகைக்கு முன்பே வந்துவிட வேண்டும். வராது என்று எனக்குத் தெரியும். அவர்கள் இருப்பது ஜப்பான். கதவுக்குப் பின்னாலிருந்து வாய்க்கு வந்ததைக் கேட்டவள் நான். கல்யாணக் களையில் தலையாட்டியவர்கள் அவர்கள். ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன். கூரியர் வண்டிச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். போகியன்று அவனிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்கூட இல்லை. சரி, நாலைந்து முடிச்சுகளில் இதுவும் ஒன்று என்று பீரோவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலன்று காலை குளித்துவிட்டுப் புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி அடுப்பில் வைத்தேன். பால் சூடாகிக்கொண்டிருந்தபோது வாசலில் இரும்பு கேட் சத்தம். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டக்கா. ஒரு கையில் தாம்பாளம்; அதில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு புடவை. இன்னொரு கையில் தோகையோடு ஒரு ஜோடிக் கரும்பு, தரையில் இழுபட்டுக்கொண்டு. மூச்சு வாங்கியது.

"இன்னா பாத்துகினு நிக்கற? புடி" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். "தம்பி சொன்னானா?" என்று கேட்டேன்.

"அவனா? இன்னிக்கு நாத்திக்கெழமையா திங்கக்கெழமையான்னே அவனுக்குத் தெரியாது. நான்தான் காத்தால போன் போட்டுப் பொங்கல்டான்னு சொன்னேன்." அவள் கரும்பைச் சுவரில் சாத்தினாள். "மருமவ கையில பேசனேன். எல்லாத்தியும் சொல்ட்டா. நீ ஏன் கேக்கலன்னும் சொன்னா."

நான் தாம்பாளத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"எனக்கு ஆறல. அது வேற" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவனுக்கு நீ அக்கான்னா, எனக்கு நீ யாரு? தாய் வூட்டு சீர்னா தாய்தான எத்துகினு வரணும். இனிமே என்னப் போயி அக்கான்னு கூப்ட்ட, பல்ல ஒடச்சிடுவேன்."

அவள் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். பானையைப் பார்த்தாள். "இத்தினி பெரிய பானை யாருக்கு?" என்று கேட்டாள். பிறகு, பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கப்புறம் உனுக்கு யாரு எத்துகினு வருவா?" என்றாள்.

உலகம் முழுக்க இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா? தாம்பாளத்தை மேடையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். தெருவில் எங்கேயும் பொங்கலோ பொங்கல் என்ற கூச்சல் இல்லை. கத்துவதற்குப் பிள்ளைகள் வேண்டும். கோடி வீட்டு மாடிப் பிள்ளைகளுக்கு இது என்ன பண்டிகை என்று தெரியுமோ என்னவோ.

பானையின் கழுத்து வரை நுரை ஏறியது. அவள் கண் கலங்கியிருந்ததால் கவனிக்கவில்லை. அக்கா என்று வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெற்றோர்களை நாள் முழுக்க வாங்கம்மா, போங்கம்மா என்பேன். அது வேறு. இந்த வீட்டுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது.

"பால் பொங்குது, அம்மா" என்றேன்.